வழிநடைக் கவிஞர் பாஷோ

1916ஆம் ஆண்டில் ஜப்பானியக் கவிதை குறித்துச் சுதேசமித்திரனில் பாரதியார் எழுதிய சிறு கட்டுரை, பாஷோ என்னும் பெயரைத் தமிழுலகுக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளில் மூன்றடிக் கவிதை தமிழ் மண்ணில் வேர்பிடித்தபோது அப்பெயர் மேலும் பரவியது. ஆயினும் தவளைக் கவிதையை எழுதியவர் என்ற அளவிலேயே பலரும் அவரை அறிவர். வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் பெரும்பகுதியை அவர் நடந்தே கழித்தார் என்பதும், அந்த நடையில்லையேல் இன்று உலகம் போற்றும் பாடல்களுள் பல பிறந்தே இரா என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எளிமையை நாடிப் புறப்பட்ட அம்மனிதர் எவற்றைத் துறந்தார் என்பதைக் காட்டிலும், எவற்றைத் துறக்க இயலாமல் சுமந்து சென்றார் என்பது கவிஞர்கள் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி.

கியோட்டோவுக்குத் தென்கிழக்கே, மலைகள் சூழ்ந்த ஈகா மாநிலத்தின் உவேனோ என்னும் கோட்டை நகரில் 1644ஆம் ஆண்டு அவர் பிறந்தார். மாட்சுவோ குடும்பத்துக்குச் சாமுராய் மரபினர் என்ற பெயர் இருந்தது. அப்பெயருக்குரிய மானியம் இல்லை. தந்தை 1656இல் இறந்தார். வளர்ந்தபின் முனெஃபுசா என்று பெயர்பெற்ற அவ்விளைஞர், அவ்வூரை ஆண்ட தோதோ குடும்பத்தின் கிளையொன்றில் ஊழியராகச் சேர்ந்தார். அங்கு இளவலாக இருந்த யோஷிததா அவரைவிட இரண்டே வயது மூத்தவர். தலைவரும் ஊழியரும் என்ற வேறுபாட்டைக் கவிதை குறைத்தது. கியோட்டோவில் வாழ்ந்த கிதாமுரா கிகின் என்னும் ஆசானின் வழியில் இருவரும் ஹைகாய் பயின்றனர்.

ஹைகாய் என்பது தனியொருவர் எழுதும் பாட்டன்று. பலர் ஓரிடத்தில் கூடி அமர்வர். ஒருவர் 17 அசைகளில் தொடங்கி வைப்பார். அடுத்தவர் 14 அசைகளில் அதைத் தொடர்வார். மற்றொருவர் மீண்டும் 17 அசைகளில் எடுப்பார். அந்தாதியில் சொல் சொல்லோடு தொடுக்கும். இதில் ஒரு பாடலின் குறிப்பு அடுத்த பாடலின் குறிப்போடு தொடுக்க வேண்டும். தொடங்கி வைக்கும் அந்த முதற்பாடலே ஹொக்கு. அதைத் தனித்துப் பிரித்து ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மசவோகா ஷிகி. ஆகவே பாஷோ தம்மை ஒருபோதும் ஹைக்கூக் கவிஞர் என்று கருதியதில்லை. கூட்டத்தில் அமர்ந்து பிறரோடு சேர்ந்து பாடுவதே அவருடைய தொழில். தனிவழி நடந்த துறவி என்று அவரை எண்ணுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

1666இல் யோஷிததா 25 வயதில் இறந்தார். நண்பரையும் பிழைப்பையும் ஒருசேர இழந்த முனெஃபுசா ஊழியத்தை விட்டு விலகினார். அடுத்த சில ஆண்டுகளின் செய்திகள் தெளிவாக இல்லை. 1672இல், பாடல்களை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துத் தாமே தீர்ப்புரைத்த சிறு தொகுப்பொன்றைச் சொந்த ஊரின் தென்ஜின் கோயிலுக்குக் காணிக்கையாக்கிவிட்டு, இன்று தோக்கியோ என வழங்கும் எதோ நகருக்குச் சென்றார்.

எதோ அப்போது வளர்ந்துகொண்டிருந்த நகரம். அரசாட்சியின் தலைமையிடம். வணிகர்களும் கைவினைஞர்களும் ஹைகாய் கற்க விரும்பினர். கற்பிப்பதும், பிறர் பாடல்களைத் திருத்தி மதிப்பெண் இட்டுக் கூலி பெறுவதும் ஒரு தொழிலாகவே நடந்தன. சீனப் பெருங்கவி லி போவின் பெயர் வெண்பிளம் என்று பொருள்படும். அதற்கெதிரே பச்சைப் பீச் என்று பொருள்படும் தோசெய் என்னும் புனைபெயரை இவர் பூண்டார். அப்பெயரில் பணிவும் உண்டு, இளமைக்குரிய சிறு செருக்கும் உண்டு. 1677 அளவில் தொடங்கி நான்கு ஆண்டுகள் நகரின் குடிநீர்க் கால்வாய்ப் பணியிலும் ஈடுபட்டார். ஹைகாய் ஆசானாகவும் தம்மை நிறுவிக்கொண்டார். கிகாகு, ரன்செத்சு போன்ற ஆற்றல்மிக்க மாணவர்கள் அமைந்தனர். மாணவர் பாடல்களின் தொகுப்பு 1680இல் வெளிவந்தது. இந்த வழியிலேயே தொடர்ந்து சென்றிருந்தால் எதோவின் செழிப்பான ஆசான்களுள் ஒருவராக அவர் முதுமையடைந்திருப்பார்.

அவ்வாண்டின் குளிர்காலத்தில் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறி, சுமிதா ஆற்றைக் கடந்து, புகாகாவா என்னும் ஒதுக்குப்புறத்தில் ஒரு குடிசையில் குடிபுகுந்தார். மதிப்பெண் இட்டுக் கூலி வாங்கும் தொழிலையும் விட்டார். காரணம் இன்னதென்று திட்டவட்டமாகச் சொல்ல இயலாது. ஆசான்களுக்கிடையே நிலவிய போட்டி அவருக்குச் சலித்திருக்கலாம். சொற்சிலேடையிலும் வேடிக்கையிலும் மூழ்கிக் கிடந்த அக்கால ஹைகாய் போதாதென்று தோன்றியிருக்கலாம். அரிசிக்கென்று ஒரு சுரைக்குடுக்கையைக் குடிசையில் வைத்திருந்தார். அது காலியாகும்போது மாணவர்கள் வந்து நிரப்பினர்.

1681இல் ரிகா என்ற மாணவர் ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து குடிசையருகே நட்டார். ஜப்பானிய மொழியில் வாழைக்குப் பாஷோ என்று பெயர். குடிசை வாழைக்குடிசையாயிற்று, குடியிருந்தவரும் அப்பெயரையே ஏற்றார். வாசலில் குலைவாழை கட்டி மங்கலம் கொண்டாடும் தமிழர்க்கு இது சற்று வியப்பாக இருக்கும். அந்த நாட்டு வாழை உண்ணத்தக்க கனி தருவதில்லை, மரமாகப் பயன்படுவதுமில்லை. காற்று வீசினால் இலை கிழியும். பயனற்றது என்பதாலும் எளிதில் கிழிவது என்பதாலுமே அவர் அதை நேசித்தார்.

அந்நாட்களில் புத்சோ என்னும் ஜென் துறவியிடம் அவர் தியானம் பயின்றார். தலையை மழித்துக்கொண்டார், துறவியரைப் போல் கருநிற ஆடை உடுத்தினார். எனினும் முறையாகத் துறவு பூண்டாரில்லை. பறவையுமன்று, எலியுமன்று என்னும் வௌவாலுக்குத் தம்மை அவர் ஒப்பிட்டுக்கொண்டது வேடிக்கைக்காக மட்டுமன்று.

ஜப்பானிய நாட்காட்டியின்படி 1682ஆம் ஆண்டின் இறுதியில் எதோவில் பெருந்தீ பரவிற்று. வாழைக்குடிசை எரிந்து சாம்பலாயிற்று. உயிர்தப்பிய பாஷோ சிறிது காலம் காய் மாநிலத்தில் தங்கினார். அடுத்த ஆண்டில் ஊரிலிருந்து தாய் இறந்த செய்தி வந்தது. உடனே போக இயலவில்லை. நண்பர்களும் மாணவர்களும் ஆளுக்குச் சிறிது பொருள் கொடுத்துக் குடிசையை மீண்டும் எழுப்பினர். ஆனால் கூரை என்பது ஓரிரவில் சாம்பலாகும் பொருள் என்பதைக் கண்டுவிட்டவர் அக்கூரையின் கீழ் நெடுநாள் இருக்கவில்லை.

1684ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் முதல் நெடும்பயணம் தொடங்கிற்று. சிரி என்ற மாணவர் உடன் சென்றார். நாட்டில் போர் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நெடுஞ்சாலைகளில் தங்குமனைகள் இருந்தன. இசே கோயிலுக்குச் செல்லும் பொதுமக்கள் கூட்டங்கூட்டமாக நடந்தனர். ஆகவே பயணம் என்பது அக்காலத்தில் அரிய செயலன்று. ஆயினும் வயிற்றுநோய் உள்ள, நாற்பது வயதான ஒருவருக்கு வழியில் சாவு என்பது வெறும் கற்பனையும் அன்று. வெட்டவெளியில் கிடந்து வெளுக்கும் எலும்பு என்னும் பொருளமைந்த பெயரையே அப்பயண நூலுக்குச் சூட்டினார்.

அந்நூலின் தொடக்கத்திலேயே ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஃபூஜி ஆற்றங்கரையில் மூன்று வயது மதிக்கத்தக்க குழந்தையொன்று கைவிடப்பட்டு அழுதுகொண்டிருந்தது. பாஷோ தம் சட்டைக்கையில் இருந்த உணவை எடுத்து அதன்முன் இட்டார். பிறகு நடந்து போய்விட்டார். தாயின் மீதும் தந்தையின் மீதும் பழி சுமத்தாமல் விதியின் மீது சுமத்தி எழுதினார். முந்நூறு ஆண்டுகளாக இந்தப் பகுதி படிப்போரை உறுத்திக்கொண்டிருக்கிறது. இது நடந்ததே அன்று, சீனக் கவிதைகளின் சாயலில் புனைந்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியாயினும் உறுத்தல் குறையவில்லை. புனைந்தவர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளும்படி புனைந்திருக்கலாம். குழந்தையைத் தூக்கிச் சென்று ஒரு கோயிலில் சேர்த்ததாக எழுதியிருக்கலாம். அவர் அவ்வாறு எழுதவில்லை. உடைமைகளைத் துறந்து நடப்பவரின் கைகள் வெறுமையாக இருப்பதில் ஓர் அழகு உண்டு என்றால், அவ்வெறுங்கைகளால் ஒரு குழந்தையைக் காக்க முடியாது என்ற கேடும் உண்டு. முதற்பயணத்தின் வாசலிலேயே அதை அவர் எழுதி வைத்தார்.

இசே கோயிலில் மழித்த தலையைக் கண்டு அவரைப் பௌத்தத் துறவியாகக் கருதினர்; உட்புறம் செல்ல இசையவில்லை. வெளியே நின்று வணங்கினார். பிறகு சொந்த ஊருக்குச் சென்றார். அண்ணன் ஒரு சிறு காப்புப் பையைத் திறந்து, அதனுள் இருந்த தாயின் வெண்மயிரை அவர் கையில் வைத்தார். தாய் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அங்கு அவர் எழுதிய பாடல், அசைக்கணக்கு மீறிய பாடல். கண்ணீரின் வெப்பத்தையும் பனியின் நொய்ம்மையையும் ஒருங்கே சொல்லும் அதனை, இலக்கணம் பிழைத்தது என்று ஒருவரும் இதுவரை குறைகூறியதில்லை.

1685இல் எதோ திரும்பினார். அடுத்த ஆண்டின் வசந்தத்தில் தவளைப் பாடல் அச்சில் வந்தது; பள்ளியின் புகழ் நாடெங்கும் பரவியது. 1687இல் முழுநிலவு காணக் காஷிமாவுக்குச் சென்றார். அன்று மழை பெய்தது. அங்கிருந்த பழைய ஆசான் புத்சோவின் கோயிலில் தங்கியதே அப்பயணத்தின் பேறாயிற்று. அவ்வாண்டின் குளிர்காலத்தில் மறுபடியும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

இம்முறை வழியில் ஒரு திருப்பம். நகோயா மாணவர்களுள் தோகொகு என்பவர் அரிசி வணிகர். இல்லாத அரிசியை விற்றார் என்னும் குற்றத்துக்காக 1685இல் நாடுகடத்தப்பட்டுக் கடலோர ஒதுக்கிடமொன்றில் வாழ்ந்துவந்தார். பாஷோ தம் வழியை விட்டு, வந்த திசையிலேயே பல காதம் திரும்பி நடந்து அவரைக் கண்டார். 1688 வசந்தத்தில் இருவரும் சேர்ந்து யோஷினோ மலைக்குச் செர்ரிப் பூக்களைக் காணச் சென்றனர். தண்டனை பெற்ற ஒருவரோடு பலரறிய நடப்பது ஆசான் ஒருவரின் நற்பெயருக்கு ஏற்றதன்று. பாஷோ அதைப் பொருட்படுத்தவில்லை. தோகொகு 1690இல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டும் அவரைக் கனவில் கண்டு அழுது விழித்ததைப் பாஷோ தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இப்பயணங்கள் எவற்றை நாடி நடந்தன? ஜப்பானியக் கவிதை மரபில் பாடல்பெற்ற தலங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மலை, பைன்மரம், பாலம், சுங்க வாயில் என எதுவாயினும் பழைய கவிஞர் ஒருவர் பாடிவிட்டால் அது தலமாகிவிடும். பெரும்பாலான கவிஞர்கள் அவ்விடங்களைக் காணாமலேயே, தலைநகரில் அமர்ந்தபடி பாடினர். பாஷோ அங்கெல்லாம் நேரே சென்று நிற்க விரும்பினார். அவருடைய யாத்திரை கோயில்களை நாடியது பாதி. பழைய பாடல்களை நாடியது பாதி. குறிப்பாக, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சைகியோ என்னும் துறவிக் கவிஞரின் அடிச்சுவட்டை அவர் தேடினார். சைகியோ மறைந்தது 1190இல். அந்த 500ஆம் ஆண்டு நெருங்கும் வேளையில், சைகியோ நடந்த வடநாட்டு வழியில் நடக்கப் பாஷோ ஆயத்தமானார்.

குடிசையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். 1689 மே 16ஆம் நாள் படகேறி, சென்ஜு என்னுமிடத்தில் கரையேறி, வழியனுப்ப வந்தோரிடம் விடைபெற்றார். சோரா என்னும் மாணவர் உடன் வந்தார். பயணத்துக்காக அவரும் தலையை மழித்துக் கரிய ஆடை பூண்டிருந்தார். குளிருக்கு ஒரு காகித அங்கி, ஒரு பருத்தியாடை, மழைக்காப்பு, மையும் தூரிகையும் என மிகக் குறைவாகவே எடுத்துச்செல்ல எண்ணினார். ஆனால் நண்பர்கள் பிரிவுப் பரிசுகள் தந்தனர். அவற்றை வழியில் எறிந்துவிட மனம் வரவில்லை. மெலிந்த தோள்களில் அச்சுமை அழுத்திய வலியை நூலின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். வாழ்ந்த வீட்டையே விட்டவர்க்கு, அன்பர் தந்த சிறு பொதியை விட முடியவில்லை.

ஏறத்தாழ ஐந்து மாதங்கள். சுமார் 2,400 கிலோமீட்டர். நிக்கோவின் கோயில்களைக் கடந்து, வடநாட்டின் நுழைவாயிலான ஷிராகாவா சுங்க வாயிலைத் தாண்டி, சென்தாய் வழியே மட்சுஷிமாவின் தீவுக்கூட்டத்தைக் கண்டனர். ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளுள் ஒன்றெனப் போற்றப்படும் அவ்விடத்துக்கு, நூலில் பாஷோவின் பாடல் ஒன்றுகூட இல்லை. சோராவின் பாடல் ஒன்றே இருக்கிறது. அவர் ஒரு பாடல் எழுதியிருந்தார் என்பது பிற சான்றுகளால் தெரியவருகிறது. எழுதியதை நூலில் சேர்க்காமல் விட்டது பெரிய தேர்வு. பேரழகின்முன் பேசாதிருப்பதே தக்கது என்ற முடிவுக்கு வர, கையில் ஒரு பாடலை வைத்திருந்தவருக்கு மிகுந்த துணிவு வேண்டும்.

பாடல்பெற்ற தலங்களுள் பல உருமாறிப் போயிருந்தன. பைன்மரம் பட்டுப்போயிருந்தது, பாறை கவிழ்ந்து மண்ணில் புதைந்திருந்தது, வழி தடம்தெரியாமல் மறைந்திருந்தது. அந்த ஏமாற்றங்களுக்கிடையே தாகா கோட்டையின் இடிபாடுகளருகே 762ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த அக்கல்லின் முன் நின்று, முன்னோரின் மனத்தையே கண்டதாக நெகிழ்ந்து கண்ணீர் விட்டார். பயணத்தின் களைப்பு அங்கே அவருக்கு மறந்துபோயிற்று.

ஹிராய்சுமிக்கு அவர் சென்ற 1689ஆம் ஆண்டு, அங்கு யோஷிட்சுனே என்னும் வீரர் மாண்டு சரியாக 500ஆம் ஆண்டு. மூன்று தலைமுறை செல்வத்தோடு ஆண்ட ஃபுஜிவாரா குடும்பத்தின் மாளிகைகள் வயல்களாகியிருந்தன. கோட்டையிருந்த குன்றில் கோடைப்புல் வளர்ந்து கிடந்தது. தலைக்குடையைத் தரையில் இட்டு அதன்மேல் அமர்ந்து நெடுநேரம் அழுதார். 1124இல் கட்டிய பொன்மண்டபம் மட்டும், அதைச் சுற்றி எழுப்பிய புறக்கட்டடத்தின் காப்பால் மழைக்குத் தப்பி நின்றது. அங்கிருந்த இரு மண்டபங்களையும் திறந்து கண்டதாகப் பாஷோ எழுதியிருக்கிறார். உடன்சென்ற சோராவின் நாட்குறிப்போ, சுவடி மண்டபம் பொறுப்பாளர் இல்லாமையால் பூட்டிக்கிடந்தது என்கிறது. சோராவின் குறிப்பு 1943இல் அச்சாகி வெளிவந்தபோது, பாஷோவைத் துறவியாக வழிபட்டவர்கள் திகைத்தனர். நாள், இடம், வானிலை எனப் பலவற்றிலும் இரண்டும் வேறுபட்டன. பாஷோ எழுதியது செய்திக்குறிப்பன்று, ஓர் இலக்கியப் படைப்பு என்பது அதன்பின்னரே பரவலாக உணரப்பட்டது.

மலைப்புறத்துச் சுங்க வாயிலொன்றில் மழையால் தடைப்பட்டு, பேனும் உண்ணியும் கடிக்க, குதிரையின் அருகே உறங்கினார். செம்பூ வணிகர் ஒருவர் வீட்டில் பல நாட்கள் ஓய்வு பெற்றார். பாறைமேல் அமைந்த யமதேரா கோயிலில் சில்வண்டின் ஒலி கேட்டார். மொகாமி ஆற்றின் வெள்ளத்தில் படகில் இறங்கினார். பிறகு ஹாகுரோ, காஸ்ஸான், யுதோனோ என்னும் மூன்று புனித மலைகளிலும் ஏறினார். காகிதக் கயிற்றுமாலை அணிந்து, வெண்துணியைத் தலையில் சுற்றி, மூச்சுத் திணற, உடல் விறைக்க, பனிபடிந்த காஸ்ஸான் மலையுச்சியை அடைந்தபோது பொழுது சாய்ந்து நிலவு தோன்றிற்று. யுதோனோவில் கண்டதை வெளியே சொல்லலாகாது என்பது யாத்திரிகர் விதி. அவர் எழுதுகோலை அங்கு நிறுத்திவிட்டார். இலக்கியமாக்கத் தயங்காத அவர், இவ்விடத்தில் விதிக்குக் கட்டுப்பட்டார்.

மேற்குக் கடற்கரையில் கிசகாதா என்னும் காயல். சிறுசிறு தீவுகள் நிறைந்த அதை மட்சுஷிமாவுக்கு இணையாகக் கண்டு, மட்சுஷிமா நகைப்பது போலவும் இது துயருறுவது போலவும் உணர்ந்தார். 1804இல் நிலநடுக்கத்தால் தரை உயர்ந்து காயல் வற்றியது. இன்று அத்தீவுகள் நெல்வயல்களிடையே மேடுகளாக நிற்கின்றன. பழந்தலங்கள் அழிந்தது கண்டு வருந்தியவர் பாடிய தலமும் அவ்வாறே அழிந்தது.

இச்சிபுரி என்ற ஊர்த் தங்குமனையில் அடுத்த அறையில் இரு கணிகையர் தங்கியிருந்தனர். அவர்களும் இசே யாத்திரிகரே. வழி தெரியாத அச்சத்தால், துறவி போல் தோன்றிய இவரைப் பின்தொடர்ந்து வர இசைவு கேட்டனர். பல இடங்களில் தங்க வேண்டியிருப்பதைச் சொல்லி மறுத்துவிட்டார். மறுத்தபின் அவர்கள்பால் இரக்கம் நெடுநேரம் நீங்கவில்லை என்று எழுதினார். சோராவின் குறிப்பில் இந்நிகழ்ச்சி இல்லை. இது புனைவாகவே இருக்க வேண்டும். அப்படியானால், ஃபூஜி ஆற்றங்கரைக் குழந்தைக்குப்பின் ஐந்து ஆண்டுகள் கழித்து அதே கேள்வியை அவர் மறுபடியும் தமக்குத்தாமே எழுப்பிக்கொண்டிருக்கிறார்: பிறர் துயரத்தைக் கடந்து நடக்கும் கவிஞனின் கடமை யாது? இரண்டு முறையும் விடை சொல்லவில்லை.

கனசாவாவில் தம்மைக் காண ஆவலோடு காத்திருந்த இளங்கவிஞர் ஒருவர் முந்தைய குளிர்காலத்திலேயே இறந்துவிட்டதை அறிந்து கலங்கினார். யமனகா வெந்நீரூற்றில் சோரா வயிற்றுநோயால் பிரிந்து முன்சென்றார். ஓகாகி நகரில் மாணவர்கள் கூடி, இறந்து மீண்டவரைக் காண்பது போல அவரை வரவேற்றனர். சில நாட்களே தங்கினார். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் இசே கோயிலின் புத்தெழுச்சியைக் காண மீண்டும் படகேறினார். நூல் அந்தப் படகில்தான் முடிகிறது.

ஐந்து மாத நடையை ஒரு சிறு நூலாக்க அவருக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. 1996இல் வெளியுலகுக்குத் தெரியவந்த கைப்பிரதி பாஷோவே எழுதியது எனப் பெரும்பாலான அறிஞர் ஏற்கின்றனர். அதில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் தாள் ஒட்டித் திருத்தியிருக்கிறார். நீரோடை போல் செல்லும் அந்த உரைநடையின் எளிமை, ஒட்டுத்தாளின்மேல் ஒட்டுத்தாளாக உழைத்துப் பெற்றது.

1690இல் பிவா ஏரிக்கு அருகே மலைச்சரிவிலிருந்த பழங்குடிசை ஒன்றில் சில மாதங்கள் வாழ்ந்தார். ஒருகாலத்தில் அரசுப் பணியையும், ஒருகாலத்தில் துறவு மடத்தையும் விரும்பிய தாம், திறமை குறைந்தும் கவிதை ஒன்றையே பற்றி நின்றதை அங்கு எண்ணிப் பார்த்தார். 1691இல் கியோட்டோவின் சாகா பகுதியில் கியோராய் என்னும் மாணவரின் குடிசையில் தங்கினார். அப்பள்ளியின் சிறந்த தொகுப்பாகிய சருமினோ அவ்வாண்டு வெளிவந்தது. ஆண்டிறுதியில் எதோ திரும்பினார்.

எதோவில் அவருக்குக் காத்திருந்தது அமைதியன்று. வாழைக்குடிசை புதிதாக எழுந்தது. வருவோர் போவோர் பெருகினர். அண்ணன் மகனைப் போல் வளர்த்த தோயின் என்னும் உறவினர் காசநோயால் 1693இல் அக்குடிசையிலேயே இறந்தார். அவருடைய மருத்துவத்துக்குக் கடன்பட நேர்ந்தது. ஜுதெய் என்ற பெண் துறவியும் அவருடைய பிள்ளைகளும் அவரை நம்பியிருந்தனர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பாஷோ வாயிற்கதவை அடைத்து ஒரு மாத அளவு யாரையும் காணாதிருந்தார். பிறகு திறந்தார். தனிமையால் தீராதது பயணத்தால் தீர்ந்ததில்லை. பயணத்தால் தீராததைக் கதவடைத்தும் தீர்க்க இயலவில்லை.

அக்காலத்தில் அவர் மாணவர்க்கு வலியுறுத்தியது கருமி என்பது. கனமின்மை என்று அதைத் தமிழில் சொல்லலாம். காய்கறி, மீன்கடை, அண்டைவீட்டார் பேச்சு என அன்றாடப் பொருள்களை, அறிவைக் காட்டாமல், துயரையும் காட்டாமல், மணல்மேல் ஓடும் ஆழமற்ற நீர்போல் பாடுதல். தாகா கல்லின் முன்னும் ஹிராய்சுமிப் புல்லின் முன்னும் பெருந்துயரத்தோடு நின்றவர், ஈற்றில் உப்பிட்ட மீனின் வாயைப் பாடினார். இந்த மாற்றத்தை எல்லா மாணவரும் விரும்பவில்லை. நகரத்து நயத்தில் வல்ல கிகாகு தம் வழியிலேயே சென்றார். நகோயாவில் ஒருகாலத்தில் உயர்ந்த தொகுப்புகளை உருவாக்கிய மாணவர்கள் விலகினர். புகழின் உச்சியில் உள்ள ஆசான் தம் பழைய பாணியைத் தாமே கைவிடும்போது, அப்பாணியைக் கற்றவர்கள் வழியறியாது நிற்பது இயல்பே.

1694ஆம் ஆண்டு கோடையில், உடல் தளர்ந்த நிலையில், ஜுதெய்யின் மகனைத் துணையாகக் கொண்டு கடைசி முறையாக மேற்கே புறப்பட்டார். கியோட்டோவில் இருக்கையில் ஜுதெய் எதோவில் இறந்த செய்தி வந்தது. சொந்த ஊரில் அண்ணன் வீட்டில் சில காலம் தங்கினார். அங்கிருந்து அவர் ஒசாகாவுக்குச் சென்றதற்குக் காரணம் தலமன்று, பாடலன்று, மலரோ நிலவோ அன்று. அந்நகரில் இரு மாணவர்கள் செல்வாக்குக் குறித்துப் பகைத்துக்கொண்டிருந்தனர். பள்ளி இரண்டாகப் பிளக்கும் நிலை. நோயுற்ற முதியவர் மலைக்கணவாய் ஏறி இறங்கி, அவர்களை ஓரவையில் அமர்த்திப் பாடச்செய்ய முயன்றார். கூடி அமர்ந்து பாடும் கலையின் ஆசானுக்கு வேறு மருந்து தெரியாது. இணக்கம் முழுமை பெறவில்லை. அவரோ சில நாட்களில் வயிற்றுப்போக்கால் படுத்தார். மலர் வணிகர் ஒருவர் வீட்டின் பின்கட்டுக்கு அவரைக் கொண்டுசென்றனர். செய்தி கேட்டு மாணவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து சூழ்ந்தனர்.

படுக்கையிலிருந்து அவர் இயற்றிய கடைசிப் பாடலும் பயணம் பற்றியதே. அதைச் சொல்லி எழுதச் செய்ததற்கு மறுநாள், கோடையில் தாம் எழுதிய ஓர் ஆற்றுப்பாடல் அண்மையில் எழுதிய செவ்வந்திப் பாடலை ஒத்திருப்பது அவரை வருத்தியது. பழையதை மாற்றிப் புதிய வடிவம் சொன்னார். சாவின் வாயிலில் நின்று பாடல் திருத்துவது பற்றுள்ளத்தின் மயக்கம் என்பதை அவரே அறிந்திருந்தார்; அருகிருந்தவரிடம் அவ்வாறே கூறவும் செய்தார். ஆனாலும் திருத்தினார்.

1694 நவம்பர் 28ஆம் நாள் அவர் இறந்தார். வயது 50. அன்றிரவே மாணவர்கள் உடலைப் படகில் ஏற்றி, யோதோ ஆற்றின் எதிரோட்டத்தில் பிவா ஏரிப்பக்கம் கொண்டுசென்றனர். அவர் விரும்பியபடி, கிச்சு கோயிலில், 12ஆம் நூற்றாண்டில் அங்குத் தோற்று மாண்ட கிசோ யோஷினாகா என்னும் வீரரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தனர். வடநாட்டுப் பயண நூலின் செம்பிரதியைக் கடைசிப் பயணத்தில் அவர் பொதியில் வைத்துச் சுமந்து வந்து அண்ணனிடம் கொடுத்திருந்தார். அவர் விருப்பப்படி அது கியோராயிடம் சேர்ந்தது. 1702இல் கியோட்டோவில் அச்சாயிற்று.